நிறுத்திவைக்கப்படும் பைக்குகளும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
இரு சக்கர வாகன மெக்கானிக்குகள்,
அல்சூர், சிவாஜிநகர் பகுதி,
பெங்களூரு.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகம்,
புதுதில்லி.

பொருள்: அதிகம் ஓடாத பழைய பைக்குகளுக்கு 10 சதவீதக் கலவைப் பெட்ரோல் வழங்கவும், பங்க்குகளில் பராமரிப்பு அறிவிப்பு வைக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், வணக்கம்.

20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் எங்கள் பெங்களூரில்தான் அறிமுகமானது. எத்தனாலே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் பழசாகும் முன்பே தீர்ந்துவிடும். சிக்கல் எல்லாம் பேஸ்மெண்டிலும் தெருவோரத்திலும் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில்தான்.

பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. நிற்கும் வண்டிக்கு இந்தக் கணக்கு உதவாது. மீட்டர் நகராமலே அதன் ரப்பர் கெடுகிறது. பழைய நைட்ரைல் ரப்பர் ட்யூப், கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலின் கேஸ்கெட், பெட்ரோல் டேப்பின் வாஷர் ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பும். கழற்றிய கேஸ்கெட் மறுபடி அதன் பள்ளத்தில் உட்காராது. பெட்ரோல் வற்றிக் காய்ந்தால் அதே ரப்பர் சுருங்கி வெடிப்பு விடும். ஆறு மாதம் கழித்து டேப்பைத் திறந்து வண்டியை ஓட்டும்போது, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கலாம்.

புதிய புகை விதி (BS6) வந்த 2020 ஏப்ரலுக்கு முந்தைய பைக்குகளில் பெரும்பாலானவை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டிகள். பவுலில் நிற்கும் கொஞ்சப் பெட்ரோல் சில வாரங்களில் ஆவியாகி, பழுப்பு நிறப் பிசினாக, வண்டி மெதுவாக ஓட பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்தால் நின்றுவிடும். எத்தனால் இல்லாத காலத்திலும் இது உண்டு. எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவது நியாயமல்ல.

எத்தனாலால் கூடுதலாக வருவது தண்ணீர்த் தொல்லை. டேங்க் மூடிக்குக் கீழே உள்ள வடிகால் துளை தூசியில் அடைத்துவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். முன்பு அந்தத் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும், வடித்துவிடலாம். இப்போது எத்தனால் அதை ஓரளவு வரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். 12 லிட்டர் டேங்கில் எத்தனால் மட்டுமே 2.4 லிட்டர். டேப் உறிஞ்சுவது அந்த அடி அடுக்கைத்தான். அதில் வண்டி ஓடாது, டேங்கின் அடித்தகடும் துருப்பிடிக்கும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் (இன்ஜின் தட்டாமல் எரியும் தரம்) குறைந்திருக்கும்.

ஆகவே ஒவ்வொரு பங்க்கிலும், அந்தந்த மாநில மொழியில், விலைப் பலகைக்குப் பக்கத்தில் பின்வரும் விவரத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, இன்ஜின் தானே நிற்கும்வரை ஓட்ட வேண்டும். பிறகு பவுலின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். டேங்கில் காற்றுக்கு இடம் குறைய, விரிவதற்குச் சிறிது இடம் மட்டும் விட்டு நிரப்பி வைக்கலாம். ஆறு மாதம் என்றால் டேங்கை முழுக்கக் காலி செய்து, உள்ளே 50 மில்லி இன்ஜின் ஆயில் ஊற்றிச் சுழற்றி வைப்பதே நல்லது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் இந்தக் காலி செய்யும் வேலை கூடாது. அதில் கார்புரேட்டர் இல்லை, டேங்குக்குள் இருக்கும் பம்ப்தான் பெட்ரோலை அனுப்பும். அந்தப் பம்ப்புக்குக் குளிர்ச்சியும் மசகும் பெட்ரோல்தான். டேங்கை நிரப்பி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் சாலையில் ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிட்டால் ஆயிலில் ஈரம் சேர்வதுதான் மிச்சம்.

நிதி ஆயோக்கின் 2021 செயல்திட்டமே, பழைய வண்டிகளுக்கு 10 சதவீதக் கலவையைப் பாதுகாப்பு ரகமாக வைத்திருக்கச் சொன்னது. ஒவ்வொரு நகரத்திலும் சில பங்க்குகளிலாவது அதை விற்க வேண்டும். எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் ரகத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்பது பதிலாகாது. பழைய பைக் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

கலவை விகிதத்தைச் சோதிக்கவும் வாடிக்கையாளருக்கு வழி வேண்டும். 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் விட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வைத்தால், 20 சதவீதக் கலவையில் அடி அடுக்கு 28 மில்லிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கேட்பவருக்கு இதைச் செய்துகாட்டப் பங்க்குகளுக்கு உத்தரவிட வேண்டும். அத்துடன், உதிரிபாகக் கடைகளில் விற்கும் பெட்ரோல் ட்யூப்பிலும் கேஸ்கெட்டிலும் ‘20 சதவீத எத்தனால் தாங்கும்’ என்ற முத்திரை கட்டாயமாக்கப்படத் தொடர்புடைய துறைகளுக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம். இப்போது கறுப்பு ட்யூப் இரண்டை அருகருகே வைத்தால் எது எதைத் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல எங்களாலேயே முடிவதில்லை.

மேற்கண்ட கோரிக்கைகள் மீது ஆவன செய்து, எடுத்த நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மனுவின் கன்னட, ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அல்சூர், சிவாஜிநகர் பகுதி மெக்கானிக்குகள்
இடம்: பெங்களூரு