வேகமா தண்ணி விட்டா தங்கம் நிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஓடையில ஸ்லூயிஸ் பாக்ஸ்ங்கிற, மண்ணும் தண்ணியும் பாயுற சாய்வான நீளப் பெட்டிய வச்சு தங்கம் அரிக்கிறத பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன், அதுல தண்ணி எவ்வளவு வேகமா பாயுதோ அவ்வளவு தங்கம் சேரும்னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, அது சுத்தமா தப்புங்க. அத நம்பி பெட்டிய வச்சா சேர வேண்டியதும் தண்ணியோட போயிடும்.

எல்லாமே கனத்துலதான் இருக்கு. தண்ணியோட அடர்த்திய 1னு வச்சா தங்கம் 19.3, சாதா மணல் 2.65, கருமணல்ல கிடக்குற மேக்னடைட்ங்கிற இரும்புத் தாதே 5.2 கிட்டதான். பெட்டிக்குள்ள குறுக்க தடுப்பு மாதிரி இருக்குற ரிஃபிள தாண்டுறப்ப தண்ணி அதுக்கு பின்னாடி சுழிக்கும், அந்த சுழியில லேசான மணல் எழும்பி வெளிய போயிடும், கனமானது அடியில விரிச்ச பாயில உக்காந்துக்கும். வேகம் ஜாஸ்தியானா பொடித் தங்கத்தையும் சேத்து வாரிட்டு போகும், கம்மியானா மணல் அடைச்சு ரிஃபிளே மூடிரும், அப்புறம் அது மேல எது வந்தாலும் வழுக்கிட்டு வெளியதான்.

ஒரு அடி நீளத்துக்கு 1 இன்ச் இறக்கம்னு வச்சு ஆரம்பிக்கலாம், 3 அடி பெட்டின்னா தண்ணி நுழையுற தலைப்பக்கத்த விட வெளியேறுற வால் பக்கம் 3 இன்ச் தாழ்வா இருக்கும். குறுக்குவாட்டுல மட்டமா இருக்கணும், இத கட்டுரையில சொல்லவே இல்ல. ரிஃபிளுக்கு மேல 2, 3 இன்ச் தண்ணி ஓடினா தாராளம். அப்புறம் ஒரு கை மண்ண போட்டு பாருங்க, ரிஃபிளுக்கு பின்னாடி மணல் பாதிக்கு நின்னு உலை கொதிக்கிற மாதிரி துள்ளிக்கிட்டே இருந்தா சாய்வு சரி. துடைச்சு விட்டாப்ல மொட்டையா தெரிஞ்சா தலைப்பக்கத்த கொஞ்சம் இறக்குங்க, அடைச்சுக்கிட்டா தூக்குங்க.

மண்ண அரை இன்ச் சல்லடையில சலிச்சுட்டு கொஞ்சம் கொஞ்சமா போடணும். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க. களிமண் கட்டிய மட்டும் வாளியிலயே கரைச்சுடுங்க, இல்லன்னா அது பெட்டியில உருண்டு போறப்ப மாட்டியிருக்குற தங்கத்தையும் ஒட்டிக்கிட்டு போயிடும், இது பல பேருக்கு தெரியாது. கடைசியில பாய வாளியில அலசுறப்ப தங்கம் பெரும்பாலும் தலைப்பக்கத்து மூணுல ஒரு பங்குலயே கிடக்கணும், வால் பக்க ரிஃபிள்லயும் நிறைய தெரியுதுன்னா வெளிய போனதும் இருக்குன்னு அர்த்தம், கழிவு மண்ண, கையால சுழற்றி அரிக்கிற தட்டுல போட்டு இன்னொருக்கா அரிச்சு பாத்துடுங்க.

இன்னொண்ணு, பாதரசம் சேத்தா ஈசியா பிரியும்னு போகிற போக்குல எழுதிட்டீங்க. அது தண்ணியில கலந்து மீனு வழியா மனுஷன் உடம்புக்குள்ள வர்ற விஷம், அத கட்டுப்படுத்தத்தான் மினமாட்டாங்கிற உலக நாடுகளோட ஒப்பந்தமே 2017ல அமலுக்கு வந்துச்சு. பொழுதுபோக்குக்கு அரிக்கிறவங்களுக்கு தட்டும் பொறுமையும் போதுங்க.

திருத்தம் போடுறப்ப அந்த படத்தையும் மாத்திடுங்க, அதுல ரிஃபிள் தண்ணி வர்ற பக்கமா சாஞ்சு நிக்குது, பெட்டிய தலையும் வாலும் மாத்தி வச்சுல்ல போட்டோ எடுத்திருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்