கத்தி துடைக்கும் பக்குவம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

நீ விற்க நான் அடித்து அனுப்பிய கத்திகளில் பழுப்புப் புள்ளி என்று போனில் சொன்னாயே, அது கத்தியின் குறை இல்லை ஆத்தா, நம் ஊர்க் காற்றின் வேலை. மண்டபம் கடற்கரை உப்பு கத்தியோடு சேர்ந்து கோயம்புத்தூர் வரை வந்துவிடுகிறது. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று இது. லாரியின் வில்பட்டா இரும்பில் அடித்த கத்தியை விட்டுவைக்குமா?

பார்சலைப் பிரித்ததும் எண்ணெயைத் தடவி அடுக்கிவிடாதே. உப்பு இருக்கும்போதே எண்ணெய் பூசினால் அடியில் துரு ஏறிக்கொண்டே இருக்கும். உப்பு தண்ணீரில்தான் கரையும். அதனால் முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடை, உடனே காய்ந்த துணியால் ஈரத்தை எடு, கொஞ்சம் வெயில் காட்டு. துணி கத்தியின் முதுகிலிருந்து கருக்கை, அதாவது வெட்டுகிற விளிம்பை, நோக்கிப் போகட்டும். கருக்கின் நீளத்துக்கு இழுத்தால் விரல் போய்விடும். பிடியில் பூண் வளையம் இறங்குகிற சந்து இருக்கிறதே, கெட ஆரம்பிப்பது அங்கேதான். ஈர்க்குச்சியில் துணி சுற்றி அதையும் துடை.

பிறகு தேங்காய் எண்ணெய். மினுமினுப்பு தெரிந்தால் போதும், சொட்டக்கூடாது. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். மெஷின் ஆயில் வேண்டவே வேண்டாம், மீனும் காயும் நறுக்குகிற கத்தி. வாங்க வருகிறவர்கள் தொட்டுத்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும். கை வியர்வையிலும் உப்பு உண்டு என்பதால் கடை கட்டும்போது திரும்ப ஒருமுறை துடைத்து வை. தோல் உறைக்குள் போட்டு வைக்காதே, தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை கிரைண்டரில் பளபளப்பாக்கித் தருகிறேன் என்றாராம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனாலும் விடாதே. கருக்கு மெல்லிசு, நொடியில் சூடேறும். 300 டிகிரி வாக்கில் இரும்பு நீலம் பாயும். அந்த நிறம் கண்டால் நான் உலையில் ஏற்றிய பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு சாணை பிடித்தாலும் கூர் நிற்காது.

வெங்காயம், எலுமிச்சை நறுக்கினால் கத்தி கறுக்கும், அது துரு இல்லை என்று விற்கும்போதே சொல்லிவிடு. சொல்லாமல் விட்டால் மறுவாரம் சண்டைக்கு வருவார்கள். துரு அரித்துக் குழி விழுந்தது கண்ணில் பட்டால் தேய்த்து மறைக்காமல் எனக்குத் திருப்பி அனுப்பு.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, கரையில் கத்தி வியாபாரமும் படுத்துவிடும். அந்தச் சமயம் உனக்கு வருவது பட்டறையில் கிடந்த சரக்காக இருக்கும், இன்னும் கவனமாகப் பார்த்து எடு.

அடுத்த பார்சலில் அருவாமனைகளும் வருகின்றன. மூக்கில் சாக்குச் சுற்றியிருக்கிறேன், பிள்ளைகளைப் பிரிக்க விடாதே.

அன்புடன்,
அப்பா