கங்கைத்துறைப் பாதையைப் பற்றியும் எழுதுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கட பேப்பர்ல எங்கட திருகோணமலை மூதூரைப் பற்றி ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது, வாசிச்சன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா ஆரம்பம் அந்தக் காலத்தில இஞ்ச பிடிபட்ட இங்கிலீஷ்காரன் றொபர்ட் நொக்ஸ், அடுத்தது 2006 சண்டை, கடைசியா பாலம், அவ்வளவுதான். இடையில கிடக்கிற முந்நூற்றுச் சொச்சம் வருஷமும் நாங்க என்ன செய்தம், வெள்ளைக்காரன் திரும்பி வருவான் எண்டு அவன் பிடிபட்டதாச் சொல்லுற புளியமரத்துக்குக் கீழ பார்த்துக்கொண்டோ இருந்தம்?

நொக்ஸ் விஷயத்திலயும் ஒரு சின்னத் திருத்தம். புயல்ல மரம் முறிஞ்ச கப்பலைத் திருத்த கொட்டியாரக் குடாவுக்கு வந்து 1660ல பிடிபட்ட கப்டன் தகப்பன் நொக்ஸ், மகனுக்கும் அதே பேர்தான். தகப்பன் அடுத்த வருஷமே காய்ச்சல்ல செத்துப்போனார், 19 வருஷம் கண்டி ராச்சியத்தில கிடந்து 1679ல மன்னார் அரிப்புப் பக்கமாத் தப்பிப்போனது மகன். உங்கட ஆக்கள் ரெண்டு பேரையும் ஒராளாக்கிப் போட்டாங்க. சரி, அதை விடுவம்.

எனக்கு மனசு பொறுக்காதது, பாலம் வரும்வரைக்கும் மூதூர் ஒருத்தரும் வராத மூலையாக் கிடந்த மாதிரி எழுதினதுதான். ஐயா, எங்கட பக்கத்தில பாதை எண்டா ரோட்டு இல்ல, ஆத்தில போற மிதவைக்குத்தான் பாதை எண்டு பேர். மட்டக்களப்பு ரோட்டில கிண்ணியாப் பாதை, உப்பாறுப் பாதை, கங்கைப் பாதை, இறால்குழிப் பாதை, அங்கால வெருகல் பாதை. ஒவ்வொரு துறையிலயும் சனம் பஸ்ஸால இறங்கி, வெறும் பஸ்ஸை மிதவையில ஏத்தி, தாங்களும் பக்கத்தில நிண்டுகொண்டு அக்கரை போய்த் திரும்ப ஏறும். இதுக்குள்ள ஆரும் ஆரோடயும் கதைக்காமப் போகேலுமா? தோப்பூர் முஸ்லிம் காக்காவும் கிளிவெட்டித் தமிழ் அண்ணரும் நெல்லு விலை பேசினதும், வெருகல் கோயில் திருவிழாவுக்குப் போற சனத்துக்கு மற்றவங்க இடம் விட்டுக்குடுத்ததும், சம்பந்தம் பேசினதும், சண்டை பிடிச்சதும் எல்லாம் அந்தப் பலகையிலதான்.

எங்கட அப்பா கங்கைத்துறையில தேத்தண்ணிக் கடை வச்சிருந்தவர். மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில கடலோட சேருது, நாங்க அதை மகாவலி எண்டு சொல்லுறதில்ல, சும்மா கங்கை எண்டுதான் சொல்லுவம். ஒரு கிடுகுக் கொட்டில், ரெண்டு வாங்கு, கண்ணாடி அலுமாரியில வடையும் பணிசும், அடிச்சட்டம் உடைஞ்ச ஒரு றேடியோ. அப்பாட கடன் கொப்பி இப்பவும் என்னட்ட இருக்கு. 1974ல தொடங்குது. பேர் எழுதத் தெரியாத ஆக்களுக்கு அப்பா தானா ஒரு பேர் வச்சு எழுதியிருக்கிறார், தயிர் மாமா, குடைக்காரர், சம்பூர் நெட்டையர், இப்படி. நோன்பு மாசத்தில பகல் பக்கங்கள் பாதி வெறுமையாக் கிடக்கும், பின்னேரக் கணக்கு மட்டும் நீளும்.

மாரி வந்தாத்தான் கொப்பி நிரம்புறது. கார்த்திகை மார்கழியில மேல மழை பெஞ்சு கங்கை பெருகிச்செண்டா பாதை ஓடாது, வந்த சனம் அப்பிடியே கரையில தங்கும், சிலநேரம் ரெண்டு மூண்டு நாள், காசு முடிஞ்சு எல்லாம் கடன்தான். எந்த வருஷம் வெள்ளம் கூட எண்டு ஆராவது கேட்டா நான் கொப்பியை விரிச்சு பிளேன்டீக் கணக்கை எண்ணிச் சொல்லுவன். அந்த நாள்ல பாதைக்கார ஐயாமார் தண்ணியின்ர நிறத்தைப் பார்த்தே இண்டைக்கு விடேலாது எண்டு சொல்லிப்போடுவாங்க, பஸ்காரர் கத்தினாலும் சரி, சட்டை போட்ட உத்தியோகத்தர் வந்து மிரட்டினாலும் சரி, பாதை இழுக்கிற கம்பியில கை வைக்க மாட்டாங்க.

திரும்பச் சண்டை தொடங்கின 1990 ஜூனோட கொப்பி நிக்குது. அதுக்குப் பிறகு கடையுமில்ல. அம்மா காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்த பையிக்குள்ள ஏன் இதையும் வச்சவ எண்டு அவ இருக்கும்வரைக்கும் சொல்லேல்ல.

பாலத்துக்கு நான் எதிரி எண்டு நினைக்கவேண்டாம். 2009ல கிண்ணியாப் பாலம், 396 மீட்டர், திறந்தபிறகு நானும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சும்மா அங்காலயும் இஞ்சாலயும் நடந்தனான். அடுத்தடுத்து மற்றத் துறையளுக்கும் பாலம் வந்திட்டுது, இரவில பிள்ளைப்பேறுக்கு நோகிற பொம்பிளையைத் துறையில வச்சுக்கொண்டு பாதைக்காரரைக் கூப்பிட்டுக் கத்தின வீட்டுக்காரருக்குத்தான் அதின்ர அருமை தெரியும். 2021 நவம்பர் 23 குறிஞ்சாக்கேணியில பாலவேலை முடியாம மிதவையில போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்ணியில தாண்டு செத்ததை நினைச்சா இண்டைக்கும் சோறு இறங்காது. அதனால பழையது எல்லாம் இனிப்பு எண்டு நான் சொல்லவரேல்ல. கம்பி இழுத்துக் கை காய்ச்சுப்போன மனுசர் இருந்தவங்க, அவங்கட பேர் ஒரு இடத்திலயும் இல்ல, அதைத்தான் சொல்லுறன்.

அவங்கள்ல ரெண்டு மூண்டு பேர் இன்னும் உயிரோட இருக்கிறாங்க, ஒருத்தருக்குக் காது கேக்காது, ஆனா கேள்வியை எழுதிக் காட்டினா மணித்தியாலக் கணக்காக் கதைப்பார். நொக்ஸுக்கு அரைப்பக்கம் குடுத்த நீங்க இவங்களுக்கு ஒரு கால்பக்கமாவது குடுங்கோ. மாரி தொடங்க முதல் ஒரு நிருபரை அனுப்பினா நானே கூட்டிக்கொண்டு போறன். மூதூர் கிழக்கில இளக்கந்தைப் பக்கம் இருக்கிற வேடர் சமூகத்து ஆக்களிட்டயும் கேக்கச் சொல்லுங்கோ, ஆத்தையும் களப்பையும் அவங்க அளவுக்குத் தெரிஞ்சவங்க இல்ல, அவங்களையும் உங்கட பக்கத்தில காணேல்ல.

கொப்பியையும் படமெடுக்கத் தருவன், ஆனா கையோட திருப்பித் தரணும். குடைக்காரர் இன்னும் நாலு ரூபா எழுபத்தஞ்சு சதம் தரேல்ல.

இப்படிக்கு,
பழைய கங்கைத்துறை வாசகி,
மூதூர்