கார்பன் வரி: விலக்குப் பட்டியலையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026க்குள் கார்பன் வரி வரும் என்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்ததிலிருந்து, பேச்செல்லாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் டன்னுக்கு எத்தனை ரிங்கிட் என்பதிலேயே நிற்கிறது. அது சட்டத்தின் முதல் பக்கத்து எண். பெருநிறுவனங்கள் கைவைப்பது கடைசிப் பக்கங்களில் வரும் விலக்கு அட்டவணையில்.

தென்னாப்பிரிக்காவில் 2010இல் பேச ஆரம்பித்த கார்பன் வரி, தொழில்துறையின் எதிர்ப்பால் தள்ளித் தள்ளிப் போய் 2019 ஜூனில்தான் அமலுக்கு வந்தது. டன்னுக்கு 120 ராண்ட் என்றார்கள். ஆனால் எடுத்த எடுப்பிலேயே 60 விழுக்காடு கழிவு. ஏற்றுமதிப் போட்டி என்றால் அதற்கு மேலும் கொஞ்சம், கார்பன் கிரெடிட், அதாவது வேறிடத்தில் வெளியேற்றத்தைக் குறைத்ததற்கான சான்று, வாங்கிக் காட்டினால் இன்னும் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து 95 விழுக்காடு வரை போனது. ஆலைகள் உண்மையில் கட்டியது டன்னுக்கு 6 முதல் 48 ராண்ட்.

அளவுகோலிலும் இதே வேலை நடக்கும். "மொத்த வெளியேற்றம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "உற்பத்தி டன்னுக்கு" என்று இரண்டு சொற்கள் நுழைந்தால் போதும், கணக்கே மாறிவிடும். பினாங்கின் பிறையில் ஓர் உருக்காலை ஆண்டுக்கு 100,000 டன் எஃகு செய்வதாக வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 2 டன் கரியமில வாயு என்றால் மொத்தம் 200,000 டன். அதை 1.6 ஆகக் குறைத்துவிட்டு, உற்பத்தியை 150,000 டன்னாகக் கூட்டினால் வெளியேறுவது 240,000 டன். "20 விழுக்காடு குறைத்தோம்" என்று ஆண்டறிக்கை சொல்லும், அது பொய்யும் அல்ல. புகைக்கூண்டு வழியே போனதோ 40,000 டன் கூடுதல்.

இதையெல்லாம் நிறுவனங்கள் தங்கள் பெயரில் கேட்பது குறைவு. சங்கத்தின் பெயரில் கேட்பார்கள். எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்கள் இடம்பெற்று 1989இல் அமெரிக்காவில் உருவான "குளோபல் கிளைமேட் கோலிஷன்" என்ற அமைப்பு, பெயரில் பருவநிலையை வைத்துக்கொண்டே, வெளியேற்றத்தைக் குறைப்பதற்கான கியோட்டோ உடன்பாட்டை எதிர்த்தது. 2002இல் கலைந்தது. அந்த வழிமுறை கலையவில்லை.

போட்டி நாடுகளில் வரி இல்லை, நமக்கு மட்டும் ஏன் என்ற வாதத்தில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் 2026 முதல் இறக்குமதி எஃகின் கார்பனுக்கு விலை கணக்கிடுகிறது. உற்பத்தியான நாட்டில் ஏற்கெனவே கட்டிய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆகவே அங்கே போகும் எஃகுக்கு நாம் கொடுக்கும் விலக்கு, நம் கருவூலத்துக்கு வரவேண்டிய பணத்தை ஐரோப்பாவுக்குத் தாரை வார்ப்பதுதான்.

புவி வெப்பம் கூடக் கூடப் பெருமழையும் கூடும். ஷா ஆலமில் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு மூழ்கிய 2021இல் நாட்டின் வெள்ள இழப்பு 610 கோடி ரிங்கிட். அந்தச் செலவுக்கு யாருக்கும் விலக்கு இல்லை.

கனடாவில், நிறுவனங்களுக்காக அரசிடம் பேசப் பதிவு செய்த பரப்புரையாளர் ஒருவர் அமைச்சரையோ மூத்த அதிகாரியையோ பேச ஏற்பாடு செய்து சந்தித்தால் யாரை, எந்தத் தேதியில், எதைப் பற்றி என்று மாதந்தோறும் பதிவேட்டில் காட்ட வேண்டும். பினாங்கில் 2010ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது மாநில அரசின் ஆவணங்களோடு நின்றுவிடுகிறது. கார்பன் வரியும் பருவநிலை மாற்றச் சட்ட மசோதாவும் கூட்டரசின் கையில். அங்கே 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

அதனால் எங்கள் கோரிக்கை இதுதான். நிறுவனங்களும் சங்கங்களும் அமைச்சுக்குக் கொடுத்த கருத்துரைகளை, மசோதா நாடாளுமன்றத்துக்குப் போகும் முன் முழுமையாக வெளியிடுங்கள். ஒவ்வொரு விலக்குக்கும் எதிரே காரணம், முடிவுத் தேதி, அதனால் கைவிடும் தொகை மூன்றையும் எழுதுங்கள். குடியிருப்போர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரே பக்கத்தில், இந்த மூன்றையும் கேட்டு எழுதலாம்.

இவண்,
வாசகர்கள்,
பட்டர்வொர்த், பினாங்கு