கொடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டது

வெள்ளவத்தை
15.06.2025

அன்பின் நெட்டைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. சாட்டுச் சொல்ல மாட்டேன். உடுப்பு அலுமாரியைக் காலி பண்ணி 33 உருப்படியோடு மூன்று மாதம் ஓட்டுகிறாய் என்று எழுதிவிட்டு, "நீயும் செய்து பாரடி கட்டை" என்று முடித்திருந்தாய். செய்து பார்க்காமல் என்ன பதில் எழுதுவது? அதுதான் இவ்வளவு நாள்.

முதலில் வீட்டுப் புதினம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. லிஃப்ட் வேலை செய்கிற நாட்களில் கோயிலுக்குப் போய் வருகிறார். சின்னவன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஃபோனோடு படுத்திருக்கிறான். மழை விட்டபாடில்லை. ஒன்றோடொன்று சேரும் கொஞ்ச உடுப்போடு சமாளிக்கிற இந்த முறையை நான் "கப்சியூல் வார்ட்ரோப்" என்று தங்கச்சியோடு கதைத்ததைக் கேட்டுவிட்டு அம்மா பதறிப்போய், "ஆருக்கு என்ன வருத்தம், என்ன குளிசை?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் குளிசை அலுமாரி என்றுதான் பெயர்.

நீ அனுப்பிய பட்டியலை வைத்துத்தான் தொடங்கினேன். ஒட்டக நிறக் கோட், கம்பளிச் சுவெட்டர் இரண்டு, கணுக்காலுக்கு மேலே வருகிற சப்பாத்து, வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. ரொறொன்ரோவுக்கு அது சரி. இங்கே முதல் மூன்றையும் வெட்டினால் மிஞ்சுவது வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும்தான். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். கலியாண மண்டபத்தில் சாப்பாடு பரிமாற வந்த ஆள் மாதிரி இருந்தது. பரவாயில்லை என்று அப்படியே 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். கொள்ளுப்பிட்டியில் இறங்கும்போது முதுகு முழுக்க நனைந்திருந்தது. பக்கத்தில் நின்று தூங்கிய யாரோ ஒருவரின் எண்ணெய்த் தலை தோளில் அச்சாகவும் பதிந்திருந்தது. வெள்ளைச் சட்டையோடு என் உறவு அன்றைக்கே முடிந்தது.

இந்த ஊரை விட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டதால் உனக்கு மறந்திருக்கும். வெளியே 30 பாகையும் புழுக்கமும். கந்தோருக்குள் ஏசி போட்டு ஆளை விறைக்க வைக்கிறார்கள். கடலைப் பார்த்த வீடு வேண்டும் என்று அடம்பிடித்து மரைன் டிரைவ் பக்கம் எடுத்தோமே, அந்த உப்புக்காற்றில் பிளவுஸ் கொக்கிகூடத் துருப்பிடித்துத் துணியில் கறை இறக்குகிறது. பட்டுச் சாறியை இரண்டு மாதம் எடுத்துப் பார்க்காவிட்டால் மடிப்பில் பூஞ்சணம். யாருக்கு எந்த நிறம் பொருந்தும் என்று வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்காகப் பிரித்து ஒரு சோதிடம் சொல்கிறார்கள் அல்லவா? நமக்குத் தெரிந்தது மழையும் வெயிலும்தான். நான் எந்தக் காலத்துப் பெண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சரி, பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்கனியில் தோய்த்த உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன கிழமையும் இதையேதானே காயப்போட்டேன் என்று தோன்றியது. அதே கருநீல குர்தா, அதே மாதுளை நிறச் சட்டை, அதே பாக்கு நிறக் கைத்தறிச் சாறி. உள்ளே அலுமாரியில் மூச்சுவிட இடமில்லாமல் அவ்வளவு கொழுவிக் கிடக்க, வெளியே கொடியில் வந்து போகிறவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். உடனே கலண்டர்த் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், கொடிக்கு வருவதையெல்லாம் ஆறு கிழமை குறித்தேன். வீட்டு உடுப்பையும் உள்ளாடையையும் கணக்கில் சேர்க்கவில்லை. அலுமாரியில் 97 உருப்படி. கொடிக்கு வந்தவை 22.

கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசித்திருந்தால் இது தெரிந்திருக்காது. கண்ணாடி முன்னால் நிற்கும்போது நான் யாராக இருக்க வேண்டும் என்று யோசிக்கிறேன். காலை ஆறரைக்கு அவசரத்தில் கையை விட்டு எடுக்கும்போதுதான் உண்மை வெளியே வருகிறது.

அந்த 22ஐயும் கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். எல்லாம் பருத்தி, ஒன்றிரண்டு லினன். எல்லாவற்றுக்கும் முழங்கை வரை கை. கழுத்து கொஞ்சம் கூராக இறங்கியது. நிறங்கள்தான் என்னை நிறுத்தின. ஒன்றுகூட வெளிர் நிறம் இல்லை.

உனக்கு என் பெரியம்மாவை நினைவிருக்கும். "நீ கறுப்பி, வெளிர் நிறம் போட்டால்தான் கொஞ்சம் வெளிச்சமாயிருப்பாய்" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் பிஸ்கட் நிறத்திலும் இளம் ரோசாவிலும் துணி எடுத்துத் தருவார். முப்பது வருடம் அதை வேதவாக்காக நினைத்து, கையில் காசு வந்த பிறகும் நானே அதே நிறங்களை வாங்கியிருக்கிறேன். அலுமாரியில் கொடிக்கே வராமல் கிடந்த 75இல் பாதிக்கு மேல் அந்தப் பரம்பரைதான். பிஸ்கட் நிறத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் காய்ச்சலில் எழும்பி வந்தவள் மாதிரி இருக்கிறது. மாதுளை நிறத்தைப் பிடித்தால் முகம் எடுப்பாக இருக்கிறது. கை இதை எப்போதோ அறிந்திருக்கிறது, புத்திக்குத்தான் பெரியம்மா சொன்னதைத் தாண்ட முடியவில்லை.

உன் பட்டியலில் "எதோடும் சேரும் நிறங்கள்" என்று ஒட்டக நிறத்தையும் சாம்பலையும் போட்டிருந்தார்கள். அது அவர்களுடைய தோலுக்குச் சேரும் நிறம். எனக்கு எதோடும் சேருவது கருநீலமும் கோப்பி நிறமும். அதற்கு மேலே மஞ்சளோ இலைப்பச்சையோ எதைப் போட்டாலும் நிற்கிறது. காலி வீதியில் பெயர்ஃபுட் கைத்தறிக் கடைக்குள் போனால் இது கண்ணுக்குத் தெரியும். 1964இல் பார்பரா சன்சோனி தொடங்கியது. ஊதாவுக்குப் பக்கத்தில் செம்மஞ்சளை வைத்துப் பயப்படாமல் நெய்திருப்பார்கள். அங்கே விலை எனக்கு எட்டாது. போய்ப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு துண்டு துணி வாங்கிச் சட்டையாகத் தைத்தேன். மற்றவை தங்கச்சி கிழக்குக்குப் போய் வரும்போது மருதமுனையில் எடுத்து வருகிற கைத்தறி.

உயரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கட்டை என்று பெயர் வைத்தவள் நீதானே. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் முடிகிற குர்தா என்னை இரண்டாக வெட்டிவிடுகிறது. முழங்காலுக்குச் சற்று மேலே நிறுத்தி, அதே நிறத்தில் ஒடுக்கமான காற்சட்டை போட்டால் ஆள் ஒரே கோடாகத் தெரிகிறேன். சாறி என்றால் நான்கு விரலுக்கு மேலே கரை இருக்கக்கூடாது. கொய்யகமும் ஐந்து போதும், ஏழெட்டு மடித்தால் வயிற்றில் தலையணை கட்டிய மாதிரி. நீ அகலக்கரையைக் கட்டிக்கொண்டு நடந்தால் கோபுரம் அசைந்து வருகிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் ஒன்று வாங்கினேன். கரைக்குள்ளே ஆளைக் காணவில்லை.

இந்தக் குளிசை அலுமாரியைப் பிரபலமாக்கியவர் 1970களில் லண்டனில் உடுப்புக்கடை வைத்திருந்த சூசி ஃபோ என்கிறார்கள். 1985இல் நியூயோர்க்கில் டொனா கரன் ஏழே உருப்படியில் வேலைக்குப் போகிற பெண்ணின் முழுக் கிழமையையும் சமாளிக்கலாம் என்று காட்டிப் பெயர் எடுத்தாராம். அதே 1985இல் எங்கள் அம்மா எட்டுச் சாறியோடும் மூன்று பிளவுஸோடும் படிப்பித்துக்கொண்டிருந்தார். கறுப்பு, அரக்கு, பச்சை. எட்டில் எதை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்று சேரும். சேராத சாறியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க மாட்டார். மற்ற ரீச்சர்மார் சாறிக்குச் சாறி பிளவுஸ் தைக்க, அம்மா மூன்றையே நல்ல தையல்காரரிடம் கொடுத்து, தோள் தையல் தோள் எலும்பின் மேல் சரியாக உட்காரும்வரை திருப்பித் திருப்பி அனுப்புவார். எனக்கு இப்போதுதான் விளங்குகிறது, அம்மா பார்வையாக இருந்ததற்குக் காரணம் சாறி இல்லை, பிளவுஸ்தான். நானும் பழைய பதினொரு பிளவுஸைக் கழித்துவிட்டு மூன்று தைத்திருக்கிறேன். கொக்கி மட்டும் துருப்பிடிக்காததாகத் தேடிப் புறக்கோட்டையில் வாங்கினேன்.

அம்மாவைப் பற்றி எழுதும்போது இன்னொன்று. 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சாறி இல்லாமல் பள்ளிக்கூடம் போனதை இங்கே பெரிய வழக்காக்கினார்கள். தங்கச்சி அப்போது கொதித்துக்கொண்டிருந்தாள். பொருளாதார நெருக்கடியில் பஸ்ஸுக்கே காசு காணாத காலம் அது. நான் சாறிப் பைத்தியம் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் நான் அந்த ஆசிரியைகளின் பக்கம்தான். கட்டச் சொல்லிக் கட்டுகிறது சீருடை. அதில் யாருடைய ரசனை இருக்கிறது? அம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்கவும் இல்லை.

கழித்த 75ஐ என்ன செய்தேன் என்று கேட்பாய். அதுதான் கஷ்டமாக இருந்தது. உடுப்பை எறிய எனக்குக் கை வராது. உனக்கும் ஏன் என்று தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டையில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அன்று, ஒரு பைக்குள் அடங்குவதை மட்டும் எடுங்கோ என்று அப்பா சொன்னபோது அம்மா இரண்டு வொயில் சாறியையும், தலையணை உறைக்குள் சுற்றித் தன் கூறையையும் வைத்தார். நான் எடுத்தது சரிகை வைத்த பாவாடை. மழையில் நாவற்குழிப் பாலத்துக்குப் போய்ச் சேரவே விடிந்துவிட்டது. அந்தப் பாவாடை நனைந்து கல்லாகக் கனத்தது. பக்கத்தில் நடந்த நீதான் அதைப் பாதித் தூரம் சுமந்தாய். அதற்குப் பிறகு, இனி எதையும் விடுவதில்லை என்று ஒரு பிடிவாதம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. இந்த முறை அம்மாதான் வந்து கட்டிலில் இருந்து, ஒவ்வொன்றாக எடுத்து மடித்து, "இது ஆருக்கும் உதவும், குடு" என்று சொல்லிச் சொல்லிப் பைக்குள் வைத்தார். நான் மற்ற அறையில் நின்றேன்.

ஆனால் கொடிக்கு வந்த 22 மட்டும் இங்கே போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மழைக்குப் பருத்திக் குர்தா காய இரண்டு நாள், ஜீன்ஸ் காய மூன்று நாள். வியர்வையில் ஒன்றை இரண்டாம் நாள் போட முடியாது. உனக்கு உலர்த்தும் மெஷின் இருக்கிறது, எனக்குக் கொடிதான். அதனால் 22இல் நிற்காமல், அதே நிறத்தில் அதே வெட்டில் எட்டுக் கூட்டினேன். அதில் ஒன்றை அவசரத்தில் இணையத்தில் வாங்கி ஏமாந்தேன். லினன் என்று போட்டிருந்தது. வந்ததைப் போட்டுக்கொண்டு போனால் பொலித்தீன் பைக்குள் இருக்கிற மாதிரி அவியல். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் துணித் தொழில்நுட்பம் படிக்கிற மருமகள் தையல் ஓரத்தில் ஒரு நூலை இழுத்துக் கொளுத்திக் காட்டினாள். பருத்தியும் லினனும் கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாகுமாம். இது உருகிக் கறுப்பு மணியாக உறைந்தது. பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும், பொலியெஸ்டர் அரைச் சதவீதம்கூடப் பிடிக்காது, அதுதான் மாமி வியர்வை ஒட்டுது என்றாள். இப்போது கைப்பைக்குள் நெருப்புப்பெட்டியோடு கடைக்குப் போகிறேன் என்று வீட்டில் பகிடி.

நீ ஆவணியில் கலியாணத்துக்கு வருகிறாய் அல்லவா. பெட்டி நிறைய அடைத்துக்கொண்டு வராதே. இரண்டு பருத்திச் சட்டை போதும், மிச்சத்தை இங்கே பார்த்துக்கொள்ளலாம். அம்மா 75ஐயும் பைக்குள் வைத்தபோது அந்த அகலக்கரைச் சாறியை மட்டும் நான் திருப்பி எடுத்துவிட்டேன். அரக்கில் பச்சைக் கரை, ஒரு தடவைதான் கட்டியது. அது உன் உயரத்துக்குத்தான் நெய்த சாறி. வெள்ளைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். உன் பிளவுஸ் அளவை உடனே அனுப்பு, பழைய அளவு வேண்டாம், இப்போதைய உண்மையான அளவு. ஆடியில் டெயிலருக்கு வேலை குறைவு, பொறுமையாகத் தைப்பார். ஆவணி பிறந்துவிட்டால் மூன்று கிழமை கேட்பார்.

அன்புடன்,
கட்டை