முகம் நம்பர் பிளேட் ஆகாது

விதி மீறும் சைக்கிள்காரர்களைப் படம்பிடித்துப் பொதுவில் போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். பதினெட்டு வருடமாகத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறவன் எழுதுகிறேன். நீங்கள் போடும் படங்களில் பாதியைப் பார்த்து எனக்கும் கோபம்தான் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருட்டில் விளக்கில்லாமல் வருகிறவர், ஒரு கையில் போனைப் பிடித்தபடி சந்திப்பைக் கடக்கிறவர், நடைபாதையில் ஆட்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறவர். நடைபாதையில் வேகமாக ஓட்டுவதை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. சைக்கிள் சத்தம் போடாமல் வரும். கண் தெரியாதவருக்கும் காது மந்தமான பெரியவருக்கும் அது உரசிக்கொண்டு போன பிறகுதான் தெரியும். வயதான ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பழையபடி நடப்பாரா என்பதே சந்தேகம். சைக்கிள் மோதி, நடந்து போனவர்கள் இறந்ததும் உண்டு. ஆகவே "சைக்கிள்தானே, விட்டுவிடுங்கள்" என்று சொல்ல நான் வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். முகத்தைப் போடாதீர்கள்.

ஏன் என்று சொல்ல இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது என்னுடையது. சில வருடங்களுக்கு முன் ஒருநாள் காலை, நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனேன். குறுக்கே வண்டி எதுவும் வரவில்லை. ஆனால் சாலையைக் கடக்கக் கால் எடுத்து வைத்த ஒரு அம்மா, கையில் பிடித்திருந்த குழந்தையைச் சட்டென்று பின்னால் இழுத்தார். நான் பிரேக்கைப் பிடித்து நின்றேன். அவர் திட்டவில்லை. "குழந்தை பயந்துடுச்சுப்பா" என்றார். அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து, நள்ளிரவில் ஆளே இல்லாத சந்திப்பிலும் சிவப்பு விளக்கைப் பார்த்தால் காலை ஊன்றி நிற்கிறேன்.

அன்று எனக்கு உடம்பே கூசியது. அவமானம்தான், வேறென்ன. ஆனால் யாரை நான் பயமுறுத்தினேனோ அவரே அதைச் சொன்னார். நானும் பதில் சொல்ல முடிந்தது. ஒரு நிமிடத்தில் அது முடிந்தும் போனது.

இரண்டாவது, என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு நடந்தது. அவர் வீட்டிலிருந்து வரும் வழியில் சாலையின் நடுவே நீளமாகத் தடுப்பு கட்டியிருக்கிறார்கள். முறையாகத் திரும்பி வர வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் போய்ச் சுற்ற வேண்டும். அதனால் பக்கத்து இடைவெளி வரைக்கும் கொஞ்ச தூரம் எதிர்த்திசையில் வருவார். தப்புதான், அவரே ஒப்புக்கொள்வார். ஒருநாள் அதை யாரோ காரிலிருந்து எடுத்துப் போட்டார்கள். பன்னிரண்டு விநாடிப் படம். முகம் தெளிவாகத் தெரிந்தது. "இவனைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று கீழே எழுதியிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அவர் பெயர் வந்துவிட்டது, வேலை செய்யும் இடம் வந்துவிட்டது. மறுநாள் அவர் மகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் போனில் பார்த்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகள்தான் காட்டினார்கள்.

அவர் சைக்கிளை விட்டுவிட்டார். இப்போது மோட்டார் சைக்கிளில் வருகிறார். அதே இடைவெளிக்கு, அதே எதிர்த்திசையில், முகத்தை மூடும் ஹெல்மெட்டோடு. முன்பை விட வேகமாக. யாரும் படம் எடுப்பதில்லை.

இதைத்தான் நீங்கள் விரும்பினீர்களா? நிச்சயமாக இல்லை என்றுதான் நம்புகிறேன். சாலை பத்திரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் நீங்களும் போனைத் தூக்குகிறீர்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு விநாடி சாலையைப் பத்திரமாக்கவில்லை. ஒருவரை முகம் மறைக்கக் கற்றுக்கொடுத்தது, அவ்வளவே.

நீங்கள் சொல்லும் காரணங்களில் வலுவானது ஒன்று உண்டு. "காருக்கு நம்பர் பிளேட் இருக்கிறது, புகார் கொடுக்கலாம். சைக்கிளுக்கு அது இல்லை. வேறு எப்படித்தான் பிடிப்பது?" நியாயமான கேள்விதான். ஆனால் நம்பர் பிளேட் என்ன செய்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதைப் பார்க்கிற உங்களுக்கும் எனக்கும் அது வெறும் எழுத்தும் எண்ணும். அதற்குப் பின்னால் இருக்கும் பெயரையும் முகவரியையும் அதிகாரம் உள்ளவர்கள்தான் எடுத்துப் பார்க்கலாம், அதுவும் ஒரு காரணத்துக்காக. அபராதம் எவ்வளவு என்பது முன்பே எழுதப்பட்டிருக்கிறது. கட்டினால் தீர்ந்தது. மறுத்து வாதாடவும் வழி உண்டு. முகம் அப்படியா? அது எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. முதலாளிக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, பெண் கொடுத்தவர்களுக்கு, பிள்ளைகளின் நண்பர்களுக்கு. எவ்வளவு தண்டனை, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்தும் யாராவது தேடி எடுக்கலாம். சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையை எந்தச் சட்டமாவது கொடுக்குமா?

கார்க்காரர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். சைக்கிள்காரரின் முகம் காற்றில் இருக்கிறது. படம் எடுக்க எளிதாக இருப்பதாலேயே அவர் அதிகம் அகப்படுகிறார். ஆபத்தை அளந்து பார்த்தால் கணக்கு வேறு. ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ, 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,400 கிலோ கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், மோதும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் சைக்கிளினுடையதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. எடை பதினைந்து மடங்குதான். ஆனால் வேகத்தின் வர்க்கத்தோடு பெருக்க வேண்டும் என்பதால் அங்கே போய் நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன கணக்குப்படி வருடத்துக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 6 விழுக்காடு சைக்கிள் ஓட்டுபவர்கள்.

அப்புறம், படம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது என்ற நம்பிக்கை. உங்கள் தொகுப்பில் அடிக்கடி வரும் ஒரு காட்சி எனக்கு உறுத்தலாக இருக்கிறது. சிக்னலில் சிவப்பு, சந்திப்பின் நடுவே சைக்கிள். பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லத் தோன்றும். 30 மீட்டர் அகலமான சந்திப்பைக் கடக்க, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளுக்கு ஏழு விநாடிக்கு மேல் ஆகும். 50 கிலோமீட்டரில் போகும் காருக்கு ஏறத்தாழ இரண்டு விநாடி போதும். மஞ்சள் விளக்கின் நேரத்தைப் பெரும்பாலும் காரின் வேகத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆக, பச்சையிலேயே ஒழுங்காக நுழைந்த ஒருவர், சிவப்பு விழுந்த பிறகும் நடுவில் மிதித்துக்கொண்டிருப்பார். உங்கள் படம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நானே பலமுறை அப்படி நடுவில் மாட்டிக்கொண்டு, நாலா பக்கமும் ஹாரன் கேட்க மிதித்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சில சிக்னல்கள் சாலைக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருளால் வண்டி வந்திருக்கிறதா என்று உணர்ந்து மாறுகின்றன. சைக்கிளில் உலோகம் குறைவு என்பதால் சில இடங்களில் அது உணராமலே போகும். பின்னால் ஒரு கார் வந்து நிற்கும்வரை சிவப்பு மாறாது. விடிகாலையில் அப்படி நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் காத்திருப்பு தெரியும்.

விதியே எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982லிருந்து, "நில்" பலகையைப் பார்த்தால் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, வழிவிட வேண்டியவர்களுக்கு வழிவிட்டுப் போகலாம். நிற்க வேண்டியதில்லை. பாரிஸில் குறிப்பிட்ட சந்திப்புகளில் சின்னப் பலகை ஒன்று இருக்கும். அது இருந்தால், அது காட்டும் திசையில், நடந்து போகிறவர்களுக்கும் குறுக்கே வருகிறவர்களுக்கும் வழிவிட்டுச் சைக்கிள் மட்டும் சிவப்பில் போகலாம். நெதர்லாந்திலும் பலகை வைத்த இடங்களில் சிவப்பில் சைக்கிள் வலப்பக்கம் திரும்பலாம். இதைச் சொல்வதால் விதி இல்லாத இடத்திலும் அப்படிப் போகலாம் என்று அர்த்தமில்லை. ஓரிடத்தில் ஊர் கூடித் துப்புகிற காட்சி இன்னோரிடத்தில் சாதாரணப் பயணம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஆள் மாறிப்போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது நடக்காத பயம் கிடையாது. 2020 ஜூனில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பாதையோரம் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்த இளைஞர்களைச் சைக்கிளில் வந்த ஒருவர் தாக்கும் வீடியோ பரவியது. யாரென்று கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். காவல்துறை முதலில் சொன்ன தேதி தவறு. அந்தத் தவறான தேதியில் அதே பாதையில் ஓட்டியதைச் செயலியில் பதிந்து வைத்திருந்த இன்னொருவர் அகப்பட்டார். பெயர், முகவரி எல்லாம் வெளியே வந்தது, மிரட்டல்கள் குவிந்தன. அவருக்கும் அந்தச் சம்பவத்துக்கும் சம்பந்தமே இல்லை. இயந்திரமும் ஆளை மாற்றிப் பிடிக்கிறது. 2018இல் சீனாவின் நிங்போ நகரில், சிவப்பில் சாலையைக் கடப்பவர்களின் முகத்தைப் பெரிய திரையில் காட்டும் கேமரா, பேருந்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் இருந்த ஒரு தொழிலதிபரின் முகத்தைப் பிடித்துக் குற்றவாளியாகக் காட்டியது. அவர் பிரபலமானவர், தவறு உடனே திருத்தப்பட்டது. பிரபலம் இல்லாதவருக்கு யார் திருத்துவார்கள்?

நீங்கள் போடும் படங்களுக்குக் கீழே வரும் சொற்களை நேரம் ஒதுக்கிப் படித்தேன். "இவனுங்களே இப்படித்தான்." இதுதான் அதிகம். விதி மீறிய கார்க்காரர் ஒரு தனி ஆள். விதி மீறிய சைக்கிள்காரர் ஒரு கூட்டத்தின் சாட்சி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதைப் போல மனிதர்களைப் பார்க்கிறோம். 2019இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு கருத்தாய்வை வெளியிட்டார்கள். குரங்கிலிருந்து மனிதன் வரை, பூச்சியிலிருந்து மனிதன் வரை வரிசையாகப் படங்களைக் காட்டி, சைக்கிள்காரர்களை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார்கள். சைக்கிள் ஓட்டாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முழு மனிதருக்குக் கீழான படியில் வைத்தார்கள். அப்படி வைத்தவர்களிடம், சைக்கிள்காரர்கள் மேல் வேண்டுமென்றே வண்டியை நெருக்கி ஓட்டுவது போன்ற மூர்க்கமும் கூடுதலாக இருந்தது. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறுகிறவர், நாளைக் காலை எனக்குப் பின்னால் வருவார். நான் சிவப்பில் நின்றவன் என்பது அவருக்குத் தெரியாது.

அவமானமே கூடாது என்று நான் சொல்லவில்லை. என்னைத் திருத்தியதே அதுதான். ஜான் பிரெய்த்வெயிட் என்ற ஆஸ்திரேலியக் குற்றவியல் அறிஞர் 1989இல் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். தப்பைக் கண்டித்து, ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வெட்கம் ஒன்று. ஆளின் மேல் முத்திரை குத்தி வெளியே தள்ளும் வெட்கம் இன்னொன்று. முதலாவது திருத்தும், இரண்டாவது தள்ளப்பட்டவரைத் தப்பு செய்கிறவர்கள் பக்கமே சேர்க்கும் என்பது அவர் வாதம். கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் 1990களின் நடுவில் மேயராக இருந்த அன்டானஸ் மொக்கஸ், சந்திப்புகளில் ஊமை நாடகக் கலைஞர்களை நிறுத்தினார். நடந்து போகிறவர்கள் கடக்கும் வரிக்கோட்டின் மேல் வண்டியை நிறுத்தினவர் முன்னால் போய்ச் சைகையிலேயே கேலி செய்வார்கள், சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். கட்டைவிரலைக் கீழே காட்டும் அட்டைகளை மக்களிடமே கொடுத்தார். ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அதே அட்டையில் விரலை மேலே காட்டிப் பாராட்டவும் வழி வைத்திருந்தார். விளக்கு பச்சையானதும் எல்லாரும் கிளம்பிவிடலாம். யார் பெயரும் வீடுவரை பின்தொடர்ந்து வரவில்லை.

உங்களால் இதைச் செய்ய முடியும். அடுத்த முறை ஒருவர் நடைபாதையில் பாய்ந்து வந்தால், முடிந்தால் நிறுத்திப் பேசுங்கள், என்னிடம் அந்த அம்மா பேசியதுபோல. பேச முடியாத அளவுக்கு ஆபத்தாக ஓட்டினால், யார் மீதாவது மோதினால், படத்தைக் காவல்துறையிடம் கொடுங்கள். நானே சாட்சிக்கு வருவேன். பொதுவில் போட்டே ஆக வேண்டும் என்றால், முகத்தை மறைத்துவிட்டு இடத்தைக் காட்டுங்கள். ஒரே இடத்தில் ஒரு மாதத்தில் நாற்பது பேர் எதிர்த்திசையில் வருகிறார்கள் என்றால், நாற்பது முகங்களைப் போட்டு என்ன ஆகப்போகிறது? அந்தத் தடுப்பில் ஓர் இடைவெளி விட வேண்டியிருக்கிறது என்று நாற்பது படங்களும் சேர்ந்து அதிகாரிகளிடம் சொல்லும். அதைச் சொல்லும் ஆதாரம் இன்றைக்கு உங்களிடம்தான் இருக்கிறது. எங்களிடம் இல்லை.

நான் சொன்ன அந்தப் பன்னிரண்டு விநாடிப் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. முதலில் அதை நீக்கிவிடுங்கள். அந்தத் தடுப்பை நீங்கள் நேரில் பார்க்க விரும்பினால், எந்த வார நாளிலும் காலை ஏழு மணிக்கு நான் அந்த வழியாகத்தான் போகிறேன். நின்று காட்டுகிறேன். அவரையும் கூட்டி வரப் பார்க்கிறேன், வருவாரா என்று தெரியவில்லை.

அன்புடன்,
தினமும் அதே சாலையில் போகும் ஒரு சைக்கிள்காரன்