கக்கன் ஐயாவோட ஆஸ்பத்திரி கதைய மட்டும் சொல்லி நிறுத்திராதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் மேலூர் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து எழுதறேன், உங்க பேப்பர எங்க ஊர் லைப்ரரியில தெனமும் படிக்கறவன். ஜூன் 18 காமராஜர் காலத்து மந்திரி கக்கன் ஐயா பொறந்த நாள், டிசம்பர் 23 அவர் எறந்த நாள். ரெண்டு நாளும் வந்துட்டா பேப்பர், டிவி, வாட்ஸ்அப்புன்னு எல்லாத்துலயும் அவரப் பத்தி வருது, பாக்கறதுக்கு சந்தோஷமாத்தான் இருக்கு, ஆனா வர்றது பூராம் ஒரே கதைதான். மதுரை மேயரா இருந்த மதுரை முத்துவப் பாக்கறதுக்காக எம்ஜிஆர் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வந்தாரு, அங்க பொது வார்டுல கக்கன் இருக்காருன்னு தெரிஞ்சு ஓடிப்போயிப் பாத்தாரு, கண்ணு கலங்குனாரு, உதவி பண்ணச் சொல்லி உத்தரவு போட்டாரு. அதோட முடிஞ்சது. படிக்கறவங்க "பாவம், இந்தக் காலத்துல இப்படி ஒரு மந்திரியா"ன்னு சொல்லிட்டு அடுத்த மெசேஜுக்குப் போயிடுறாங்க.

அந்தக் கதைய நான் குத்தம் சொல்ல வரல. பத்து வருஷம் மந்திரியா இருந்துட்டு கையில ஒண்ணும் இல்லாம வெளிய வந்த மனுஷன், அத நாடு தெரிஞ்சுக்கத்தான் வேணும். ஆனா எனக்கு மனசுல கெடந்து உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. நாங்க அவரோட சனம். வறுமைங்கறது எங்களுக்குப் புதுசில்ல, பொது வார்டும் புதுசில்ல. தும்பைப்பட்டி சேரியில பொறந்த ஒருத்தர் கோட்டையில மந்திரியா உக்காந்து பைல்ல கையெழுத்துப் போட்டதுதான் எங்களுக்குப் புதுசு. அத விட்டுட்டு அவர் ஆஸ்பத்திரியில கெடந்தத மட்டும் திருப்பித் திருப்பிக் காட்டுனா, எங்க புள்ளைங்க அவர்கிட்ட இருந்து எதக் கத்துக்கும்?

எங்க அப்பத்தா மதுரைக்கு சித்திரைத் திருவிழாவுக்குப் போனா மீனாட்சி கோயில் கோபுரத்துக்கு எதுத்தாப்புல ரோட்டுல நின்னு கும்பிட்டுட்டு வந்துருவா. உள்ள போகலாம்னு ஆகி எவ்வளவோ வருஷம் ஆச்சு, நான் சின்னப் பையனா கைய புடிச்சு இழுத்தாலும் "இங்கன இருந்தே தெரியுதுய்யா"ம்பா. செருப்பக் கழட்டி ஓரமா வச்சிட்டு, முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு, அந்த வெயில்ல அப்படியே நிப்பா. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் கூட்டிட்டுப் போன கூட்டத்துல அந்தக் கோபுர வாசலத் தாண்டி உள்ள போனவரு கக்கன். அதுக்கு அப்பறம்தான் ராஜாஜி கவர்மெண்டு சட்டமே கொண்டாந்துச்சு, உள்ள போனவங்களுக்கும் கூட்டிட்டுப் போனவங்களுக்கும் கேஸ் வராம இருக்க. அதாவது சட்டம் வர்றதுக்கு முந்தியே, என்ன நடக்கும்னு தெரியாமயே காலெடுத்து வச்சிருக்காங்க. வாசல் தொறந்தும் உள்ள போக வராத எங்க அப்பத்தாவோட பயத்தப் பாத்தவன்ங்கறதால, அந்த ஒரு எட்டு எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும்.

வைத்தியநாத ஐயர் 1955ல எறந்தப்போ கக்கன் ஐயா எம்பி. பெத்த புள்ளைங்களோட சேந்து அவரும் மொட்டை போட்டுக்கிட்டு கொள்ளி வைக்கிற காரியத்துல நின்னாரு. சொந்தக்காரங்க சிலபேர் மொணங்குனாங்கன்னும் அவர் அசையலன்னும் எங்க பக்கம் பெரியவங்க சொல்லுவாங்க.

1942 ஆகஸ்ட் போராட்டத்துல அவர அலிப்பூர் ஜெயில்ல போட்டாங்க. அதுக்கு முன்னாடி மேலூர் போலீஸ் ஸ்டேஷன்ல அவர் வாங்குன அடியப் பத்தி பெரிசுங்க சொல்லக் கேட்டா ராத்திரி தூக்கம் வராது. சரியா 21 வருஷம் கழிச்சு, 1963 அக்டோபர்ல, அதே போலீஸுக்கு அவர்தான் மந்திரி. லஞ்ச ஒழிப்புத் துறைன்னு இன்னைக்கு நாம சொல்றோமே அது 1964ல வந்தது, அவர் அந்த நாற்காலியில இருந்த காலம். இதெல்லாம் ஒரு வரி கூட எங்கயும் வர்றதில்ல.

இன்னொண்ணு சொல்றேன், இதுக்காகத்தான் முக்கியமா இந்த லெட்டரே. அவர் அரசியல் நிர்ணய சபையில மெம்பர். நம்ம அரசியலமைப்புச் சட்டத்த எழுதுன சபையில மேலூர்க்காரர் ஒருத்தர் உக்காந்திருந்தாருங்கறது மேலூர்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. 1948 நவம்பர் கடைசியில அரசாங்க வேலையில எடஒதுக்கீடு பத்துன விவாதம் வந்தப்ப அவரும் எந்திரிச்சுப் பேசியிருக்காரு. மேல உக்காந்திருக்கற ஆபீசருங்க அவங்கவங்க ஆளுகளையே எடுத்துக்கறாங்க, ஹரிஜனப் பையன் அப்ளிகேஷன் போட்டா அவனுக்கு நியாயம் கெடைக்கறதில்லங்கறதுதான் பேச்சோட சாரம். சின்னப் பேச்சுதான். நான் படிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டேன். ஏன்னா இன்னைக்கும் எங்க தெருவுல டிகிரி முடிச்சிட்டு இண்டர்வியூவுக்குப் போயிட்டு வர்ற பசங்க அதேதான் சொல்றாங்க. பொது வார்டுல கெடந்தவர்னு மட்டுமே தெரிஞ்ச ஒருத்தர் நம்ம விஷயத்த டெல்லியில போயி இவ்வளவு நேரா பேசியிருக்காருன்னு அந்தப் பசங்களுக்கு யாருமே சொல்லல.

அப்பறம் தண்ணி. 1957 ஏப்ரல்ல காமராஜர் மந்திரி சபையில பொதுப்பணித்துறை அவர்கிட்ட வந்துச்சு. வைகை அணை வேலை அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சதுதான், ஆனா அவர் மந்திரியா இருக்கும்போது முடிஞ்சு 1959 ஜனவரி 21ல தொறந்தாங்க. மேலூர்க்காரனுக்கு வைகை அணைன்னா என்னன்னு வெளியூர்ல இருக்கறவங்களுக்குப் புரியாது, அதனால கொஞ்சம் சொல்றேன். முல்லைப் பெரியாத்துல இருந்து மலையக் கொடஞ்சு வர்ற தண்ணி வைகையில சேருது, அணையில தேங்குது, பேரணையில இருந்து பெரியாறு மெயின் கால்வாய்ல வந்து கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகம் பாயுது, அது போக மேலூரும் திருமங்கலமும், ஒருபோகம் 1,05,002 ஏக்கர். இந்த நம்பர் எங்க பக்கம் டீக்கடையில உக்காந்திருக்கற எந்தப் பெரியவரக் கேட்டாலும் ஒத்த ஏக்கர் மாறாமச் சொல்லுவாரு. எங்க குடும்பத்துக்குச் சொந்த நிலம் கெடையாது. நடவுக்கும் அறுப்புக்கும் போற குடும்பம், கால்வாய்ல தண்ணி வந்தாத்தான் அம்மாவுக்கு வேலை. அணையில எத்தன அடின்னு பேப்பர்ல வர்ற அந்தச் சின்னக் கட்டத்த எங்க அம்மா என்னைய வாசிக்கச் சொல்லும், அதுக்கு எழுத்து தெரியாது. 66 அடின்னா ஒரு மாதிரி மூஞ்சி, 69னு வாசிச்சா அன்னைக்கு சாயந்தரமே கதிர் அருவாள எடுத்துத் தொடச்சு வச்சிரும், நடவே இன்னும் ஆகியிருக்காது. ராத்திரியில கடைமடைக்குத் தண்ணி வரும்போது மொதல்ல சருகு சலசலன்னு சத்தம் கேக்கும், அப்பறம் நொரை, அப்பறம்தான் தண்ணி. கால்வாய்க் கரையில டார்ச் லைட்டோட நின்னுக்கிட்டு இருக்கற சனம் அப்படியே எறங்கி கைய நனைக்கும். அத்தன பேருக்கும் இந்தத் துறைய பாத்தது நம்மாளுதான்னு அன்னைக்கே யாராச்சும் சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

1965யும் பேசணும், அத மறைச்சிட்டுப் பேசுனா அது மரியாதை இல்ல. இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல துப்பாக்கிச் சூடு நடந்தப்போ பக்தவத்சலம் முதலமைச்சர், போலீஸ் மந்திரி கக்கன் ஐயாதான். ஜனவரி 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் குண்டடிபட்டு செத்தாரு, இன்னும் எத்தனையோ உசுரு போச்சு. மேலூர் ஸ்டேஷன்ல லத்தியடி வாங்குனவர் கையில இருந்த போலீஸ், படிக்கற பசங்க மேல சுட்டது எனக்கு இன்னைக்கும் ஜீரணிக்க முடியாத விஷயம், முடிவு எடுத்தது மேல இருந்தவங்கன்னு சொல்லி அவர மட்டும் தனியா எடுத்து விடவும் எனக்கு மனசு வரல. 1967ல மேலூர் தெற்குல நின்னு திமுக ஓ.பி.ராமன் கிட்ட தோத்தாரு. சொந்த மண்ணுலயே சனம் தோக்கடிச்சது. அதுக்கப்பறம் அரசியல விட்டே ஒதுங்கிட்டாரு. அவர நல்லவர்னு எழுதறவங்க இந்தப் பக்கத்த கிழிச்சுப் போட்டுட்டுத்தான் எழுதறாங்க, ஏன்னா ஆஸ்பத்திரிக் கதையோட இது ஒட்டாது. எனக்கு அவர் மேல உள்ள மதிப்பு இதப் படிச்சதுனால கொறையல. அவர் ஒரு முழு அரசியல்வாதி, தப்பும் சரியுமா அதிகாரத்த கையில வச்சிருந்தவரு, அப்படித்தான் அவர எடை போடணும். காமராஜரப் பத்தி எழுதும்போது பள்ளிக்கூடம், அணை, கட்சி, 1967 தோல்வி எல்லாத்தையும் எழுதறோம்ல? கக்கனுக்கு மட்டும் ஏன் வேட்டியும் பொது வார்டும்?

தும்பைப்பட்டியில மணிமண்டபம் இருக்கு. போன தடவ போனப்ப ஸ்கூல் பசங்க வந்திருந்தாங்க, ஒரு பொண்ணு ஆறாவதோ ஏழாவதோ இருக்கும், படத்தையெல்லாம் பாத்துட்டு டீச்சர்கிட்ட "இவர் என்ன டீச்சர் பண்ணாரு"ன்னு கேட்டுச்சு. டீச்சர் "ரொம்ப நேர்மையா இருந்தாரும்மா"ன்னாங்க. புள்ள "சரி டீச்சர், என்ன பண்ணாரு"ன்னு மறுபடியும் கேட்டுச்சு. அதுக்குள்ள வேன் வந்துருச்சுன்னு கூப்பிட்டுட்டாங்க. நான் பக்கத்துல நின்னும் வாயத் தொறக்கல, அந்த நேரத்துல எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல. அதுல இருந்து பல நாளா யோசிச்சுத்தான் இத எழுதறேன்.

ஐயா, உங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். வர்ற ஜூன் 18க்கு அந்த 1948 பேச்ச தமிழ்ல முழுசாப் போடுங்க, அரைப் பக்கம் கூட ஆகாது. பொதுப்பணித்துறை, விவசாயம், போலீஸ்னு மூணு துறையிலயும் அவர் சட்டசபையில சொன்ன பதிலெல்லாம் சட்டசபை லைப்ரரியில கெடக்கும், உங்க நிருபர் ஒருத்தர அனுப்பி எடுத்து வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டாலும் சரி. எங்க ஊர் லைப்ரரிக்கு பேப்பர் காலையில ஏழரைக்கு வந்துரும். அன்னைக்கு நான் வேலைக்கு லீவு போட்டுட்டு அந்தப் பக்கத்த எடுத்துட்டு மொதல்ல எங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவேன், அப்பறம் அந்த ஸ்கூலுக்குக் கொண்டு போயி டீச்சர் கையில குடுப்பேன்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்து வாசகர் ஒருவர்